அத்தாவின் தொழுகைக்கு நான் போட்ட மார்க்

இஸ்லாம் பாடம் எடுக்கப் புதிதாக வரும் தங்கச்சிமாருக்கு இதைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இலங்கையில் அரசாங்கப் பள்ளியில் நெடுங்காலம் இஸ்லாம் படிப்பித்துவிட்டு, துபாய் அல் குசைஸில் ஓர் இந்தியப் பள்ளிக்கு வந்தவள் நான். ஊரில் என் வகுப்பில் எல்லாருமே ஷாஃபி மத்ஹப் என்ற வழிமுறையைப் பின்பற்றுகிறவர்கள். தொழுகையில் ருகூவுக்குக் குனியும்போது இரண்டு கைகளையும் உயர்த்துவோம். ஹனஃபி மத்ஹபில் உயர்த்துவதில்லை. இரண்டும் சரியான தொழுகைதான். இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதித்தான் டீச்சரானேன். ஆனால் கண்ணுக்குப் பழகியது ஒன்றுதான்.

நாலாம் வகுப்புக்குத் தொழுகை ப்ராக்டிகல். ரிஸ்வானா என்ற பிள்ளை கையை உயர்த்தாமல் குனிந்தாள்.

"பிழை. ஆர் இப்படிப் பழக்கின?"

"அத்தா, மிஸ்." தகப்பனை அவர்கள் ஊரில் அத்தா என்பார்கள்.

"அப்ப அத்தாவுக்கும் பிழை."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மார்க்கைக் குறைத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

பெற்றோர் வந்து டீச்சர்மாரைப் பார்க்கும் ஓபன் ஹவுஸ் அன்று அவளுடைய அத்தா வந்தார். திண்டுக்கல் பக்கத்துக்காரர், ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். டூட்டி யூனிஃபார்மோடு வந்திருந்தார். மார்க்குக்காகச் சண்டை போடப் போகிறார் என்று நானும் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மிஸ், புள்ள இப்பல்லாம் என் பின்னாடி நின்னு தொழ மாட்டேங்குது. அத்தா தொழுறது தப்புங்குது. எங்கூரு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிக்குடுத்த மாதிரிதான் தொழுறேன். எது தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன். இத்தன வருசம் தொழுதது கூடுமா, கூடாதா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உங்கட தொழுகையில ஒரு பிழையும் இல்ல. நீங்க ஹனஃபி, நான் ஷாஃபி, அவ்வளவுதான்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத அவகிட்ட நீங்களே சொல்லிருங்க மிஸ். நான் சொன்னா நம்ப மாட்டா. ரொம்ப நன்றி மிஸ்."

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். மார்க்கையும் திருத்தினேன். ரிஸ்வானா எழுந்தாள்.

"அத்தாகிட்ட சாரி சொன்னீங்களா மிஸ்?"

சொல்லவில்லை. அவர்தான் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்று இரவு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க மிஸ்" என்றார். "சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் புள்ள என் பின்னாடி வந்து நின்னுருச்சு. அது போதும்."

அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை. இப்போதெல்லாம் ப்ராக்டிகலுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும், "உங்கட வீட்டுல எப்படித் தொழுவாங்க?" என்று கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். ஒரு பிள்ளை கையை உயர்த்தாமல் குனியும்போது என் முகம் இன்றும் சூடாகிறது. பேனையைக் கீழே வைத்துவிட்டு, அது தொழுது முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.