மவுசுலேர்ந்து கைய எடுங்க

போன வாரம் வீட்டுக்குப் புது ரவுட்டர் வாங்கினேன். தஞ்சாவூர்க் கடைக்காரத் தம்பி, "ஆறு ஆன்டெனா மேடம், வீடு பூரா பறக்கும்" என்றான். நான் ஆன்டெனாவைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லி, பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்க்கட்டும். சூடேறிய மட்டமான பிளாஸ்டிக் வாசனை மனுஷரை என்ன பாடு படுத்தும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு அந்த வாசனை அறிமுகமானது நீடாமங்கலத்தில். படிப்பு முடிந்த கையோடு அந்தோணி அண்ணனின் பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஏழு கம்ப்யூட்டர், ஒரே ஒரு நெட் லைன். அந்த லைனை ஏழுக்கும் பங்கு வைக்க ஒரு சோப்புப்பெட்டி அளவு ரவுட்டர். கூட்டம் கூடினால் அதற்குச் சூடேறும். சூடேறினால் படுத்துவிடும். அதற்கென்றே அண்ணன் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருந்தார். காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குக் காற்று கிடையாது, அந்த மகாராஜாவுக்கு உண்டு!

அதனால் கடையில் ஒரு வழக்கம். வளைகுடாவிலிருந்து யாருக்காவது வெப்கேமில் அழைப்பு வந்தால் அண்ணன் எழுந்து நின்று, "எல்லாரும் மவுசுலேர்ந்து கைய எடுங்கப்பா" என்பார். பாட்டு இறக்குகிறவர், ஹால் டிக்கெட் எடுக்கிறவர், அத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். கையை எடுத்தால் டவுன்லோடு நின்றுவிடுமா என்ன? அதை நான்தான் ஓடி ஓடி நிறுத்த வேண்டும். ஆனாலும் எல்லோரும் கையை எடுத்தார்கள்.

ஸ்டெல்லா அக்கா வெள்ளிக்கிழமைதோறும் வருவார். அவர் கணவர் சேவியர் மஸ்கட்டில் வெல்டர். குறைமாதத்தில் பிறந்த அவர்கள் பெண்குழந்தை, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்து வந்தது. சேவியருக்கு லீவு கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. முதல்முறையாக அக்கா அதைக் கேமரா முன்னால் ஏந்திக் காட்டினார். பேச்சு கேட்டது. மஸ்கட்டில் படம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"ஸ்டெல்லா, பாப்பா அசையவே இல்லையே?"

"தூக்கத்துல சிரிக்குதுங்க. நெட்டுதான் நிக்குது."

"பொய் சொல்லாத. என்கிட்ட எதையோ மறைக்கிறீங்க."

அதோடு லைனும் போய்விட்டது. அக்கா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்த ரவுட்டரைத் தூக்கிப் பாமணியாற்றில் போடலாம் போலிருந்தது.

"அடுத்த வெள்ளிக்குள்ள எதாச்சும் பண்ணும்மா" என்றார் அண்ணன். தஞ்சாவூரில் விசாரித்தோம். நல்ல ரவுட்டர் வாங்கக் கடையையே விற்க வேண்டும். கைக்கு எட்டியதெல்லாம் பழைய மகாராஜாவின் தம்பிகள். கடைசியில் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில், ஒதுக்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டர் கிடைத்தது. மூடியைக் கழற்றினேன், அடேயப்பா! உள்ளே அத்தனையும் தவிடு. அந்தத் தவிட்டையும் தின்றுகொண்டு வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறதே, இதைவிட நம்பகமான ஆள் எங்கே கிடைப்பான்? பிரஷ்ஷால் துடைத்து, இரண்டு நெட்வொர்க் கார்டு செருகி, லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி அதையே ரவுட்டராக்கினேன். வெப்கேம் மேசைக்குத்தான் முதல் வழி, மிச்சம்தான் மற்றவர்களுக்கு என்று அண்ணனுக்கு விளக்கினேன்.

"அட, முறை வச்சுத் தண்ணி விடுறதுதான? இதுக்கா இம்புட்டு இங்கிலீஷு?"

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா உட்கார்ந்தார். நான் பெருமையாக, "இனிமே யாரும் கைய எடுக்க வேண்டாங்க, மிஷினே பாத்துக்கும்" என்றேன். யார் கேட்டார்கள்? அண்ணன் சொல்லாமலே எல்லோரும் கையை எடுத்தார்கள். பரீட்சை முடிவு பார்க்க வந்த பெண்கூட எடுத்துவிட்டாள். குழந்தை கண்ணை இடுக்கி, வாயைத் திறந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

மஸ்கட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "அசையுதுடி ஸ்டெல்லா... எம்புள்ள அசையுது" என்று உடைந்த குரல் வந்தது. நான் ஃபேன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு கொட்டாவியைத் துண்டு துண்டாக்கி, கடல் தாண்டி அனுப்பி, அங்கே மறுபடி கொட்டாவியாகவே சேர்த்துக் கொடுத்திருக்கிறது, தவிடு மணக்கிற ஒரு பெட்டி! எப்படி என்று எனக்குத் தெரியும், அமைத்ததே நான்தான். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். என் புது ரவுட்டர் தங்கம், சூடாவதே இல்லை. நேற்று சிங்கப்பூரிலிருந்து சித்தி மகள் அழைத்துத் தன் கைக்குழந்தையைக் காட்டினாள். அது கொட்டாவி விட்டது. மவுசிலிருந்து என் கை தானாக எழுந்து மடிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் என் மகள் தலை நிமிராமல் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். பாவம், அவளைச் சொல்லி என்ன? அவள் கையை எடுக்க வேண்டிய தேவைதான் இல்லையே.