பத்து பத்தாது

லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு வேலையிடத்தில் பெயர் நூறு. பழுது பார்த்த லிஃப்டை நூறு தடவை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் ஓர் ஆளையும் உள்ளே விடமாட்டான். "ஏம்பா நூறு, பத்து தடவை பார்த்தா பத்தாதா?" என்று கூட்டாளிகள் சலித்துக்கொள்வார்கள். "பத்து பத்தாது" என்பான். பத்துத் தடவை சமர்த்தாகப் போய்வந்துவிட்டு, அடுத்த தடவை இரண்டு மாடிக்கு நடுவே நின்றுகொண்ட லிஃப்டுகளை அவன் பார்த்திருக்கிறான்.

இப்பேர்ப்பட்டவன்தான் வீட்டில் கோட்டைவிட்டான்.

அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு: தானாகச் செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது. கல்யாணத்துக்கு முன்பே பிடித்தது. பிறர் எழுதிய புரோகிராம்களோடு அதை மோதவிடும் போட்டி வருஷத்துக்கு ஒன்று நடக்கும். மனைவி பல் டாக்டரிடம் நர்ஸ். நாளெல்லாம் ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிறவள், வீட்டில் தன் வாயைத் திறப்பதில்லை. இந்த வருஷம் திறந்தாள்.

"உங்க முகமே மறந்துபோச்சு. முதுகைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

அவன் ஆடிப்போனான். இந்தத் தடவை கடைசி இடம் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகச் சத்தியம் செய்தான்.

தோற்கவே கூடாது. ராஜாவைக் காக்கும் கணக்கை மாற்றி எழுதி, புதியதைப் பழையதோடு மோதவிட்டான். பத்து ஆட்டத்தில் ஏழு புதியதற்கு. காசைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தலை விழுவது அதிசயமில்லை; ஆயிரம் ஆட்டமாவது ஓடினால்தான் எது கெட்டி என்று சொல்ல முடியும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஆசை யாரை விட்டது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிக்கொண்டு, நகல்கூட வைக்காமல் பழையதை அழித்தான்.

போட்டியில் ஆறு ஆட்டம். ஐந்தில் தோல்வி, ஒன்று டிரா. கடைசி இடம்.

"ஆறு ஆட்டத்தை வெச்சு மட்டம்னு சொல்லக் கூடாதும்மா" என்று மனைவியிடம் மன்றாடினான். "பழசு இருந்தா ஆயிரம் ஓட்டிக் காட்டிடுவேன்."

"பழசு எங்க?"

"அழிச்சிட்டேன்."

"எத்தனை ஆட்டம் பார்த்துட்டு?"

"பத்து."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மேஜைக்குப் போய், மிச்சமிருந்ததையும் அழித்தான். அழித்தது பழையதைவிடப் பெரிய கெட்டிக்காரனா, வெறும் சோப்ளாங்கியா? ஒப்பிடப் பழையதும் இல்லை. இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. இத்தனை வருஷத்துக்கு ஒரு பதிலாவது கிடைத்திருக்கலாம். குழந்தையைப் போல அழுதான்.

பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "விட்டுட்டேன். இனிமே உன்கூடத்தான். நம்பு."

அவள் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"ஒரு நாள் பார்த்துட்டு நம்ப, நான் என்ன நீங்களா?" என்றாள். "நூறு நாள் ஆகட்டும்."