நாற்பத்தெட்டில் ஒரு ஸலாம்

அன்சார் நானாவின் மகன் தொலைபேசியில் அழைத்தபோது நான் சிலாபம் மீன் சந்தையில் ஒரு பாரையின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "அந்தோனி அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டார். பகல் லுஹர் தொழுதவொடன அடக்கம்" என்றான். மீனை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கென்று பஸ் ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போனது. புத்தளத்தில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்து மையவாடிக்குப் போனால், சனம் கைமண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வருகிறது. "கெதியா வாங்க நானா" என்று எந்நேரமும் அவரை விரட்டியவன் நான். கடைசியில் பிந்திப் போனவனும் நான்தான்.

உங்களில் பலர் அவரை உப்பளத்தில் தண்ணீர்ப் பம்பிகள் திருத்தியவராக அறிவீர்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களில் அவரும் ஒருவர். முகாம்களில் இருந்த காலத்தில் யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு சின்ன டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓலைக் கொட்டில் கொட்டிலாகப் போய், ஊரை விட்டு வந்த பெரியவர்களின் கதைகளைப் பதிந்து வைத்தார். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கசற்றுகள், நூற்றுக்கு மேல் இருக்கும். அவை பழுதாவதற்குள் கணினியில் ஏற்ற வேண்டும் என்று, கருவியை ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வைத்து, சிலாபத்தில் இருந்த என் கணினிக் கடைக்குக் கொண்டு வந்தார். எங்கள் சிநேகிதம் அந்தப் பெட்டியில்தான் தொடங்கியது.

நான் வழக்கமான வயர் ஒன்றை எடுத்து, ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் மைக் துளைக்குக் கொடுத்தேன். குரலோடு சேர்ந்து ஒரு இரைச்சலும் வந்தது. அவர் தலையாட்டினார். "அந்தோனி, கசற்றுக்குள்ள குரல் இலக்கமாத்தானே இருக்கு? அதைச் சத்தமாக்கி, திரும்ப ஏன் இலக்கமாக்கணும்? இலக்கத்த இலக்கமாவே குடுங்க" என்றார். கணினிக் கடைக்காரனுக்குப் பம்பி திருத்துகிறவர் சொல்கிறார்! எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. கொழும்பிலிருந்து, இலக்கங்களை வெளிச்சமாகவே கடத்தும் ஒரு ஒளி வயரும், அதை வாங்கிக்கொள்ளும் சின்னப் பெட்டியும் எடுப்பித்தோம். வயரின் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் வரும். ஒவ்வொரு முறையும் அதை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்து, "உசிர் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் சொருகுவார். உப்புக் காற்றில் எல்லா வயரும் துருப்பிடிக்கிற ஊரில், துருப்பிடிக்க ஒன்றுமே இல்லாத வயர் என்று அவருக்கு அதில் தனிப் பெருமை.

புத்தளத்து நூலகம் ஒன்றின் பின்னறையில் வேலை நடந்தது. ஒரு மணி நேரக் கசற்றை ஏற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். ஓடவிட்டுவிட்டு வெளியே போய் ஒரு பிளேன்டீ குடிக்கலாம் என்பது என் கட்சி. அவர் அசைய மாட்டார். "ஆள் கதைக்கக்குள்ள எழும்பிப் போறதா?" என்பார். பதிந்த காலத்தில், பிறகு கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு ஸலாம் சொல்லித் தொடங்கும்படி எல்லோரிடமும் அவர் கேட்டிருந்தார். அதனால் ஒவ்வொரு கசற்றும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கும். இவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வஅலைக்கும் ஸலாம்" என்று சத்தமாகப் பதில் சொல்வார். பிறகு கதை முழுக்க "ஓம்... ஓம்..." போடுவார். "கொம்பியூட்டருக்கா நானா ஸலாம்?" என்று கேலி செய்வேன். "கொம்பியூட்டருக்கு இல்ல. அவங்க எங்களுக்குத்தானே சொல்றாங்க? பதில் சொல்றது கடமை" என்பார்.

ஒருநாள் அவர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். கற்பிட்டியிலிருந்து பரீதா என்ற பெண் தன் உம்மாவின் குரலைக் கேட்க வருவதாக இருந்தது. உம்மா இறந்து பல வருடம். வீடியோ இல்லை, வேறு பதிவும் இல்லை, எங்களிடம் இருந்த ஒரே ஒரு கசற்தான். காலையிலேயே வயரைச் சொருகி, ஓடவிட்டு, என் கட்சிப்படி பிளேன்டீ குடிக்கப் போனேன். பரீதா வந்ததும் ஹெட்போனைக் கொடுத்தேன். முதல் இரண்டு வசனத்திலேயே கழற்றினாள்.

"இது எங்கட உம்மா இல்ல."

"பேர் சரியாத்தான் இருக்கு, தங்கச்சி. வடிவாக் கேளுங்க."

திரும்பவும் கொஞ்சம் கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நான் உம்மாட குரலையே மறந்துட்டனா?" என்று மெதுவாகக் கேட்டாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சற்று நேரத்தில் அன்சார் நானா, வீங்கிய கன்னத்தோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். கணினியில் ஏறியிருந்த பதிவைப் போட்டு ஒரு வசனம் கேட்டார். "ஆமையா வந்து சொல்லுது? எத்தனையில எடுத்தீங்க?" கருவி நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டாகக் குரலை அனுப்புகிறது. நானோ கணினியில் நாற்பத்து நாலாயிரத்து நூறு என்று குறித்து வைத்திருக்கிறேன். வந்தது கூட, குறித்தது குறைவு. அதனால் குரல் இழுபட்டு, கனத்து, வேறு யாரோ ஒரு பெண்ணாகிவிட்டது. பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

"நாளைக்குச் சரியா எடுத்து வைப்பம் நானா" என்றேன்.

"கசற் நாளைக்கும் இருக்கும். அந்தப் புள்ள உம்மாவ மறந்துட்டன் என்டு நெனச்சிட்டுப் போறா. அதோட இன்டைக்கு வீட்ட போகக் கூடாது. ஓடுங்க!"

வேகமாக வாழ்பவன் என்று பெயரெடுத்த நான், உண்மையாகவே ஓடியது அன்றைக்குத்தான். பஸ் நிலையத்தில் நின்ற கற்பிட்டி பஸ்ஸின் நடு ஆசனத்தில் இருந்தாள். மூச்சு வாங்க, "தங்கச்சி, குரலைக் கெடுத்தது நான். உங்கட காதுல பிழையில்ல" என்றேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கூட்டிக்கொண்டு வந்தேன். நானா கணினியில் இருந்த எண்ணை நாற்பத்தெட்டாயிரமாக மாற்றி, வெளிச்சத்தை உள்ளங்கையில் பார்த்து, கசற்றை ஓடவிட்டார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது ஒரு மெல்லிய, அவசரக் குரல். பரீதா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பதில் ஸலாம் சொன்னாள். கதை நடுவில் உம்மா திடீரென்று, "அடியே பரீதா, அந்த ஆட்டப் புடிடி, பாயத் தின்னுது!" என்று கத்தினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

நானா என்னை ஒரு சொல் ஏசவில்லை. அடுத்த நாள் ஒரு வெற்றுக் கசற்றில் தன் குரலைப் பதிந்து தந்தார். "ஒவ்வொரு வேலைக்கும் முதல்ல இதப் போடுங்க. என்ட குரல் உங்களுக்குத் தெரியும்தானே? மாறிக் கேட்டா நிப்பாட்டிட்டு இலக்கத்தப் பாருங்க." அன்றிலிருந்து எங்கள் வேலை அந்தக் குரலோடுதான் தொடங்கியது. "அஸ்ஸலாமு அலைக்கும். இது அன்சார். நாப்பத்தெட்டு." எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன்! ஒருநாளும் நான் பதில் சொன்னதில்லை. அது வெறும் சோதனைக் கசற்தானே என்று இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் பின்னறையைத் திறந்தேன். இன்னும் பதினொரு கசற்றுகள் ஏற்ற இருக்கின்றன. வயரின் நுனியை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன், சிவப்புப் பொட்டு இருந்தது. அவருடைய கசற்றைப் போட்டேன். குரல் மாறிக் கேட்டது. எண்ணைப் பார்த்தேன், நாற்பத்தெட்டுத்தான். அப்படியானால் நான் மறந்துவிட்டேனா? நாலே நாளில்? பரீதா அன்றைக்கு இறங்கிப் போன காட்சி என் கண்ணில் வந்தது. பிழையெல்லாம், எனக்குள் அடக்கி வைத்திருந்த அழுகை காதை அடைத்திருந்ததுதான். அழுது முடித்து, மூக்கைச் சீறிவிட்டுத் திரும்பப் போட்டேன். அவரேதான், அதே ஆறுதலான குரல்.

அந்தச் சோதனைக் கசற்றை அவர் மகனிடம் கேட்டு நான் வைத்துக்கொண்டேன். அந்தக் குரல் சரியா, பிழையா என்று சொல்ல இனி அந்த அறையில் நான் ஒருவன்தான். அதனால் தினமும் கேட்பேன். கேட்கும்போது எழும்பிப் போக மாட்டேன்.

வஅலைக்கும் ஸலாம், நானா. பிந்திவிட்டேன்.