இருமலுக்கு அடித்த கெட்டிமேளம்

கொரோனா வந்து ஏழு மாதம் என் தவில் உறையை விட்டு வெளியே வரவில்லை. ஏம்பலத்தில் லாரிக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது, கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றது சர்க்கார். இருமுகிறவன் உள்ளே வரக் கூடாது என்றார் பெண்ணின் அப்பா.

அதைக் கேட்டதுமே எனக்குத் தொண்டை அரித்தது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சீட்டுக் கொடுத்தார்கள். நம்பவில்லை. காபித்தூள் டப்பாவை முகர்ந்தேன். வாசனை வந்தது. அதையும் நம்பாமல் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் முகர்ந்தேன். அது இன்னும் நன்றாக வந்தது.

என் மச்சான் நாயனம். ஊதுகிறவன் மாஸ்க் போட வழியில்லை. அவனுக்கும் சேர்த்து நானே இரண்டு போட்டுக்கொண்டேன்.

ஓமத்தில் ஐயர் நெய்யை ஊற்றினார். புகை நேராக என்னிடம் வந்தது, இருமலும் கிளம்பியது. யாராவது தும்மினால், அந்த அபசகுனம் காதில் விழாதபடி கெட்டிமேளம் அடித்து அமுக்குவது எங்கள் வழக்கம். தாலி கட்டும்போதும் அதே அடிதான், பெண் வீட்டுப் பெரியவர் விரலை உயர்த்தி ஆட்டியதும் அடிப்போம். என் கை தானாக அடித்துவிட்டது, மச்சானும் கூடவே ஊதினான். என் இருமல் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கெட்டிமேளம் கேட்ட மாப்பிள்ளை, தட்டிலிருந்த தாலியை எடுத்துக் கட்டிவிட்டார். ஐம்பது பேரும் அட்சதை போட்டார்கள்.

ஐயர் வாட்சைப் பார்த்தார். "முகூர்த்தம் வந்தாச்சு, பரவால்ல. விட்ட மந்திரத்தை இப்ப சொல்லிடறேன்."

பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். "நான் வெரல ஆட்டவே இல்லியேப்பா. இன்னாத்துக்கு அடிச்ச?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

"வெளிய போப்பா."

துரத்தியே விட்டார்கள், இனி எதற்குப் பயப்படுவது?

"பொகைக்கு இருமுனேன்ணா. டெஸ்ட் சீட்டு பையில கீது. வெளிய போறேன். ஆனா அக்கினிய மூணு சுத்து சுத்தி முடியாம வாசிப்ப நிறுத்த மாட்டேன்."

"அம்பது பேர்ல நம்மள எப்ப சேத்தாங்க, வா மாமா" என்றான் மச்சான்.

எதிரே மனை போட்டுக் கல் நட்டிருந்த வயலில் நின்று தவிலை மாட்டினேன். புகை இல்லை, இருமலும் இல்லை. தெருவில் ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். உள்ளே பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் அடிக்குத்தான் அக்கினியைச் சுற்றினார்கள்.

மூன்றாவது சுற்றில் பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து விரலை உயர்த்தி ஆட்டினார். அடி என்றாரா, நிறுத்து என்றாரா, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

அடித்தேன்.