எண்ணெய் தேய்க்காத என்ஜின்

எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னல் விளிம்பில் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அதில்தான் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்வேன். அதன் விளிம்பு ஓரிடத்தில் வெளிப்பக்கமாக மடங்கியிருக்கும். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் விழுந்து ஏற்பட்ட மடிப்பு அது. ஸ்பேனர் என் கையிலிருந்து விழுந்ததா, என் மனைவியின் அண்ணன் கையிலிருந்து விழுந்ததா என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. கிண்ணத்தை மாற்றிவிடலாம் என்று மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். நான் அந்த ஃபைலை நிலுவையில் வைத்திருக்கிறேன்.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே ரயில் பாதையை மாற்றுகிறோம் என்று வருடக்கணக்காக மூடி வைத்திருந்தார்கள் அல்லவா, அந்தக் காலம். புனலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் மகளுக்கு ஏழாம் மாதம். ஆனி கடைசி முகூர்த்தத்தில் அங்கே வளைகாப்பு. அன்றே அவளைத் தென்காசிக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தி தங்கமான மனிதர். "எங்க வண்டியிலயே கொண்டாந்து விட்டிருதோம்" என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும், "வேண்டாம், நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றேன். பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த ஒரு பயணமாவது தன் செலவில், தன் வண்டியில் நடக்க வேண்டும் என்று இருந்தது. வளைகாப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, இலஞ்சிக்குப் பிரியும் விலக்கருகில் என் பழைய கார் ஆவி விட்டு நின்றது. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால் என்ஜின் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கட் போயிற்று, அதாவது என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் தகடு கிழிந்து தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றிதழ் கிடையாது.

அது குற்றால சீசன் தொடங்கிய வாரம். தென்காசியில் நான் போன மூன்று கராஜிலும் வண்டி நிறுத்தவே இடமில்லை. மூன்றாவது கராஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அங்கன பாருங்க சார். அருவிக்கு வந்த வண்டி பூரா கிளட்ச்சக் கருக்கிட்டு வரிசையா நிக்கு. ஆடி கழிச்சு வாங்க." வாடகைக் கார்களும் அருவிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியை அந்த மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. சம்பந்திக்குப் போன் செய்யலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சாயங்காலம்தான் கடையத்திலிருந்து மச்சான் வந்து இறங்கினார்.

மச்சான் ராணுவத்தில், வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருபது வருடம் இருந்து வந்தவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட்டைத் திறந்து ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி அழைத்தார். சிலவற்றுக்கு நம்பரும் சொன்னார். பிறகு தீர்ப்பு வழங்கினார்: "மாப்ளே, இது என்ன பெரிய வேலையா? ஹெட்டக் கழத்துதோம், கேஸ்கட்ட மாத்துதோம், மாட்டுதோம். நாமளே பாத்துருவோம்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடமாக வண்டிப் பழுதுக் கோப்புகளைப் பார்த்து வந்தவன் நான். பழுது அறிக்கை, மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், அனுமதி, சரிபார்ப்பு என்று ஒரு ஜீப்புக்குச் செய்ய வேண்டிய சடங்குகள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். சில ஜீப்புகள் அனுமதி வருவதற்குள் துருவேறி ஏலத்துக்கே போயிருக்கின்றன. ஆனால் முறை தவறியதில்லை. காரோடு வந்த புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து, நாற்பத்தோரு படிகள் கொண்ட பட்டியல் ஒன்று தயாரித்தேன். இரண்டு விடுப்பு விண்ணப்பங்களும் கொடுத்தேன். மனைவி பட்டியலை எட்டிப் பார்த்தாள். "கழத்துதது சரி. மாட்டத் தெரியுமான்னு ரெண்டு பேர்ல யாராவது ஒரு ஆளு சொல்லுங்க" என்றாள். அதற்குப் பட்டியலில் இடமில்லை.

கழற்றுவதற்கே ஒரு முழு நாள் ஆயிற்று. மச்சான் பெயர் சொல்லுவார்; நான் புத்தகத்தில் படம் பார்ப்பேன்; யார் கை அருகில் இருக்கிறதோ அவர் திருகுவார். கழற்றிய போல்ட்டுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தோம். இட்லித் தட்டு போன விவரம் மறுநாள் காலையில்தான் மனைவிக்குத் தெரிந்தது. ஹெட்டை லேத்தில் தேய்த்துச் சமப்படுத்தக் கொடுத்துவிட்டு வந்து, திறந்து கிடந்த மூன்று சிலிண்டர்களையும் பார்த்தபடி இருவரும் நின்றோம். அப்போதுதான் மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லுதேன். தங்கச்சிட்ட சொல்லிராதீய. நான் இருவது வருசமும் ஸ்டோர்லதான் இருந்தேன். சாமான் எடுத்துக் குடுத்தவன் நானு. மாட்டுனவன் வேற ஆளு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "நானும் முப்பது வருசமா ஒப்புதல்தான் மச்சான் போட்டிருக்கேன். ஒரு போல்ட்டத் தொட்டதில்ல" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சிரித்து முடித்ததும் ஒரு விஷயம் புரிந்தது. பிரித்துப் போட்ட வண்டியை இனி எந்தக் கராஜுக்கும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. வளைகாப்புக்கு ஐந்து நாள் இருந்தது.

'தார்ப்பாயால் மூடுதல்' என்பது பட்டியலில் பதினெட்டாவது படி. மூடினேன், டிக் அடித்தேன். ஆனால் எங்கள் ஊர்ச் சாரல் மேலிருந்து பெய்வதோடு நிற்பதில்லை. காற்றோடு பக்கவாட்டில் வந்து, கூப்பிடாத வீட்டிலெல்லாம் நுழையும். விடிந்து தார்ப்பாயை விலக்கியபோது மூன்று சிலிண்டர்களின் சுவரிலும் மஞ்சள் பூசியதுபோல் துரு பூத்திருந்தது. வெளியூர்க்காரன் எழுதிய புத்தகத்தில் சாரல் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. முதல்முறையாக என் கை சம்பந்தியின் எண்ணைத் தேடியது.

மச்சான் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "குத்தாலத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு எண்ணெ தேய்க்காமக் குளிக்க விட்டுட்டமே மாப்ளே! ஏட்டி, நல்லெண்ணெயக் கொண்டா!"

புது என்ஜின் ஆயிலை முப்பத்தாறாவது படியில்தான் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தவன் நான். ஆகவே வீட்டில் அன்று இருந்தது நல்லெண்ணெய் மட்டுமே. மனைவி கிண்ணத்தோடு வந்தாள். "உடம்புக்குத் தேய்க்குத கிண்ணம்ணே அது" என்றாள். "இதுவும் உடம்புதாண்ட்டி" என்று மச்சான் வாங்கிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, எண்ணெயில் நனைத்த நயமான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய் தடவினார். அருவிக்கரையில் மாலிஷ் செய்கிறவர்களைப் போல, முடிந்ததும் என்ஜினின் தோளில் இரண்டு தட்டும் தட்டினார். அந்த வேலைக்கு நடுவில்தான் ஸ்பேனர் கிண்ணத்தின் விளிம்பில் விழுந்தது. துரு மேலாகத்தான் பிடித்திருந்தது, போய்விட்டது. ஸ்டோரில் சாமான்களைத் துரு பிடிக்காமல் இருபது வருடம் காத்தவர் அவர். எங்கள் இருவரில் அந்த வண்டிக்குத் தேவையான ஒன்றை உண்மையில் அறிந்திருந்தவர் அவர்தான் என்பதை இப்போது பதிவு செய்கிறேன்.

ஹெட் திரும்பி வந்தது. எட்டு போல்ட்டுகளையும் நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றாக, இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். ஆடி கழித்து வரச் சொன்ன அதே கராஜ்காரர் அதை இரவல் கொடுத்தார். நான் நம்பர் படித்தேன், மச்சான் இறுக்கினார். சாவியைத் திருப்பினேன். நான்காவது முயற்சியில் வண்டி இருமி எழுந்தது. பின்னால் வெள்ளைப் புகை. தெரு முழுக்க எண்ணெய்ச் சட்டி வாசம். "வண்டி முறுக்கு சுடுதுல்லா" என்று மனைவி சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்ததற்குப் புகை மட்டும் காரணமில்லை.

வளைகாப்பு முடிந்து மகளைப் பின் இருக்கையில் தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கிளம்பினோம். சம்பந்தி யாரும் கேட்காமலே தன் வண்டியைப் பின்னாலேயே ஓட்டி வந்தார். ஆரியங்காவு ஏற்றத்தில் மச்சானின் கண் சூடு காட்டும் முள்ளைவிட்டு அகலவில்லை. முள் பாதியில் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. செங்கோட்டை வந்ததும் சம்பந்தி ஹாரன் அடித்து, கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுத் திரும்பினார். "நல்லா ரிப்பேர் பண்ணிருக்காங்கப்பா. எந்த கராஜ்?" என்று மகள் கேட்டாள். மச்சான் முந்திக்கொண்டார்: "நம்ம கராஜ்தான்ம்மா."

மச்சான் இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. எனக்கு வேறு கார் வந்துவிட்டது. போன மாதம் அதில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. கராஜில் கேட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்றுவிட்டதால் இன்று எனக்கு விடுப்பு விண்ணப்பம் தேவையில்லை, நேரம் கொட்டிக் கிடக்கிறது, புத்தகமும் இருக்கிறது. ஐம்பத்திரண்டு படிகளில் பட்டியல்கூடப் போட்டுவிட்டேன். மச்சானுக்குப் போன் செய்தேன்.

"கிளட்ச் என்ன மாப்ளே பெரிய வேலையா? கியர்பாக்ஸ இறக்குதோம், பிளேட்ட மாத்துதோம், ஏத்துதோம்..." என்றவர் நிறுத்தினார். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "நீங்க கராஜ்லயே குடுத்துருங்க மாப்ளே."

'இறக்குதோம்' என்று தொடங்கிய பேச்சு 'நீங்க' என்று முடிந்ததை இருவருமே கேட்டோம். பட்டியலை மடித்து வைத்தேன். ஐம்பத்திரண்டு படிகளிலும் பாகத்தின் பெயரைத் தைரியமாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதை நானே செய்துகொள்ள முடியாது.

சனிக்கிழமை காலை வண்டியைக் கராஜில் விட்டேன். வானம் மூட்டமாக இருந்தது. "சாரல் வரும் போல இருக்கு. திறந்து போட்டா எண்ணெ தடவி வையுங்க" என்றேன். மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கிளட்ச்சுல எண்ணெ பட்டா வண்டி நகராது சார்." புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து கிண்ணத்தை எடுத்தேன். பழைய குற்றாலத்துக்குப் பஸ் இருந்தது. கூட்டம் வருமுன் போய்விடலாம். மடங்கிய விளிம்பை உள்ளங்கைப் பக்கமாகச் சாய்த்தால் எண்ணெய் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நூல்போல் விழும். கடையில் விற்கிற எந்தக் கிண்ணத்திலும் அந்த வசதி கிடையாது.