இறங்குபூரான் காளை

எங்கள் ஊர்க்காரர்கள் கோபத்திலும் 'ங்க' போடுவார்கள். "உங்க கம்பெனி உருப்படுமாங்க? மோட்டர் மறுபடியும் எரிஞ்சுபோச்சுங்க. வாழை காயுதுங்க. ஆள அனுப்பறீங்களா, இல்ல நானே தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல போட்டுபோடட்டுங்களா?" இப்படி மரியாதையான வசவை நாள் முழுக்க வாங்குவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். பீளமேட்டில் ஒரு மோட்டர் பம்ப் கம்பெனியின் புகார்ப் பிரிவு. காதில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர், வாயில் எந்நேரமும் "கண்டிப்பா பாக்கறோமுங்க". என் பெயர் பொற்கொடி. பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். யாராவது அளவு மீறிப் பேசினால் நானும் இரண்டு வார்த்தை போட்டுவிடுவேன். அதனாலேயே என் சம்பளம் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பக்கத்து நாற்காலி கயல்விழி அப்படியில்லை. அவள் யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. வசவு விழ விழ அவளுடைய வலது கை மட்டும் நகரும். என்னதான் எழுதுகிறாள் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஊசி முனைக் கறுப்புப் பேனாவில் ஒரு கிணற்று மேடு. பெயர்ந்த காரை, சுவரில் முளைத்த அரசங்கன்று, அதன் ஒவ்வொரு இலையிலும் நரம்பு, கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் சுற்றிய கயிற்றின் முறுக்கு வரைக்கும். பேசியவர் கிணற்று மேட்டில் நின்றுதான் பேசினாராம். ஓரத்தில் மீசை வைத்த ஒரு முகம்.

"மீசை இருக்குதுன்னு உனக்கு எப்படிடீ தெரியும்?"

"பேசறப்ப போன்ல மீசை உரசற சத்தம் கேட்டுதுங்க்கா," என்றாள்.

அம்மாடி, இவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். போகப் போக ஒன்று புரிந்தது. திட்டு ஏற ஏற அவளுடைய கோடு சன்னமாகும். யாராவது அழ அழப் பேசிவிட்டால் அன்றைக்குப் படத்தில் புல்லுக்கு முடி முளைத்த மாதிரி அவ்வளவு நுணுக்கம் இருக்கும். நான் கத்தித் தீர்ப்பதை அவள் கோடு கோடாகப் போட்டுத் தீர்த்தாள். சம்பளம் வந்ததும் ஆர்.எஸ்.புரத்துக்கு பஸ் பிடித்துப் போய்ப் பேனா வாங்கி வருவாள். நகைக்கடையையும் பட்டுக்கடையையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருகிற ஒரே பெண்பிள்ளை இந்தக் கோயமுத்தூரில் அவளாகத்தான் இருக்கும்.

அவள் கதையைச் சாப்பாட்டு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். சத்தியமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் கிருபாசங்கர். கல்யாணமான புதிதில் அவர் மாட்டுச் சந்தையில் ஒரு காங்கேயம் காளையைப் பிடித்து வந்தார். நல்ல உடம்பு, நல்ல திமில், ஆனால் வாங்க ஆளில்லாமல் நின்றிருந்த காளை. காரணம் சுழி. எங்கள் பக்கத்தில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். முதுகுத்தண்டின் மேல் ரோமம் பூரான் மாதிரி ஒரு வரியாக ஓடும். அது திமிலைப் பார்த்து ஏறினால் ஏறுபூரான், வீடு விளங்கும். வாலைப் பார்த்து இறங்கினால் இறங்குபூரான், வீட்டையே இறக்கிவிடும் என்பார்கள். இந்தக் காளைக்கு இறங்குபூரான். கிருபாசங்கர் சிரித்துக்கொண்டே, "அது முதுகுல இருக்கறது அதுக்கே தெரியாது, நமக்கு எதுக்கு?" என்றாராம்.

வருஷம் திரும்புவதற்குள் பைக்கில் போனவர் லாரி மோதி இறந்துபோனார்.

எழவு கேட்க வந்த ஒவ்வொருவரும் முதலில் காளையைப் பார்த்தார்கள், அப்புறம் இவளைப் பார்த்தார்கள். மாமியார் சாமியாத்தாள் ஊரே கேட்கச் சொன்னாராம்: "ரெண்டும் ஒரே வருசத்துல ஊட்டுக்குள்ள வந்துதுங்க. ரெண்டுக்கும் ஒரே சுழிங்க." காளையைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அண்ணன் மகள் காதுகுத்துக்கு, "நீ சமையக்கட்டுலயே இருந்துக்க கண்ணு," என்றார்களாம். அப்போதுதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் வந்து, ஹாஸ்டலில் தங்கி, எங்கள் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள்.

இதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த சாமியாத்தாள் மட்டும் என் கையில் கிடைத்தால் என்னென்ன கேட்பேன் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொள்வேன். கயல்விழி மட்டும், "உடுங்க்கா," என்பாள்.

போன ஐப்பசியில் அவள் அந்தக் காளையை வரைய ஆரம்பித்தாள். நாள் கணக்கில் போனது. ரோமம் ரோமமாக வரைந்தாள். கொம்பில் வளையம், கழுத்துத் தொங்கு தோலில் மடிப்பு, கண்ணோரத்தில் ஈரம். முதுகில் அந்தப் பூரான், வாலைப் பார்த்து இறங்கிக்கொண்டு அப்படியே இருந்தது. முடித்த அன்று அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு. "அக்கா, இதைப் போட்டு முடிச்சதும் நல்லா பசிக்குதுங்க்கா," என்றாள். என் டிபன் பாக்ஸையும் சேர்த்துக் காலி செய்தாள், மகராசி.

சும்மா இருப்பேனா நான்? அவள் லீவு போட்டிருந்த நாளில் மேஜையிலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சின்ன முதலாளி அறைக்குப் போய்விட்டேன். பெயர் நிதீஷ். நல்ல பையன், எதையும் அவசரமாகச் செய்கிறவர். படத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். வருஷா வருஷம் விவசாயிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் கம்பெனி கொடுக்கிற காலண்டரில் அந்த வருஷம் இந்தக் காளைதான் என்று அங்கேயே முடிவு செய்தார். கீழே 'ஓவியம்: கயல்விழி' என்று பெயரும் போடச் சொன்னார். அவளுக்கு என் மேல் ஒருநாள் கோபம். அச்சான காலண்டரைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நிதீஷ் கோயமுத்தூரிலேயே படித்து வளர்ந்தவர். எனக்கோ மாடென்றால் பால் பாக்கெட்தான். சுழி கதையைக் கேட்டிருந்தும், அச்சில் போகிறபோது அது எனக்கு உறைக்கவே இல்லை. காலண்டர் போன மறுவாரம் புகார் வர ஆரம்பித்தது. எங்கே வரும்? எங்களுக்கேதான்!

"ஏனுங்க, மோட்டரு நல்லா ஓடுதுங்க. காலண்டர்தானுங்க ஆகாது. இறங்குபூரானைக் கொண்டாந்து ஊட்டுல மாட்டச் சொல்றீங்களே, நாங்க நல்லா இருக்கறது உங்களுக்குப் புடிக்கலீங்களா?"

ஒருவர் காலண்டரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் சுழி இருக்கிற இடத்தில் விபூதி பூசிவிட்டாராம். பாதிக்குப் பாதி அழைப்பு கயல்விழிக்குத்தான் போனது. தான் வரைந்த படத்துக்குத் தானே, "மன்னிச்சுக்குங்க, மேல சொல்றோமுங்க," என்று புகார் பதிந்துகொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவள் கை பேனாவைத் தொடவில்லை.

நிதீஷ் அவளைக் கூப்பிட்டார். நானும் அழைக்காமலே கூடப் போனேன்.

"ரெண்டாவது லோடு அச்சுக்குப் போகணுமுங்க. அந்த முதுகுல நாலு கோட்டை மட்டும் திருப்பிப் போட்டுக் கொடுங்க. ஏறுபூரானா ஆக்கிப்போட்டா எல்லாரும் சந்தோசமா மாட்டிக்குவாங்க. அடுத்த வருசக் காலண்டரும் நீங்கதான். முடியாதுன்னா சொல்லிருங்க, முருகர் படத்தைப் போட்டுக்கறோம்."

நியாயமான பேச்சுதான். எனக்கே, "போட்டுக் குடுத்துருடீ," என்று வாய் வரை வந்தது. அவள் ஒருநாள் அவகாசம் கேட்டாள். மத்தியானம் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு அந்த முதுகை மட்டும் புதிதாகப் போட உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போயிற்று. ஒரு கோடுகூட விழவில்லை. கடைசியில் பேனாவை மூடினாள்.

"என்னால ஆகலீங்க்கா. அத மாத்துனா, அவங்க சொன்னது நெசம்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரிங்க்கா. அந்தக் காளை ஒண்ணுமே பண்ணலீங்க்கா. நானும் ஒண்ணுமே பண்ணலீங்க்கா."

இதைச் சொல்லிவிட்டு அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் அவள் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

நிதீஷிடம் போய், "மாத்த மாட்டேனுங்க," என்று சொன்னாள். அவரிடம் அவள் சொன்ன முதல் 'மாட்டேன்' அதுதான். அவர் திட்டவில்லை, வருத்தப்பட்டார். இரண்டாவது லோடில் முருகர் வந்தார், மயில் வந்தது, கயல்விழி பெயர் போயிற்று. அடுத்த வருஷப் பேச்சும் அத்தோடு நின்றது. அப்புறமும் அவள் வரையவில்லை. திட்டுகிறவர்கள் திட்டினார்கள், அவள் கை சும்மா மேஜை மேல் கிடந்தது. சரியாகச் சாப்பிடவில்லை. இந்தப் பிள்ளை இப்படியே உள்ளுக்குள் இறுகிப்போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. படத்தைக் காட்டினவள் நானல்லவா.

மார்கழி முடிய இருந்தபோது எனக்கு ஒரு அழைப்பு வந்தது. வயதான பெண் குரல்.

"ஏனுங்க, சத்தியமங்கலம் பக்கமிருந்து பேசறனுங்க. மோட்டரு..." என்று இழுத்தார்.

"மோட்டருக்கு என்னங்கம்மா?"

"மோட்டரு நல்லாத்தான் ஓடுதுங்க. கடைக்காரரு உங்க காலண்டரு குடுத்தாருங்க. அதுல பேரு போட்டிருக்கற புள்ள அங்கதான் வேலைல இருக்குதுங்களா?"

இன்னொரு சுழிப் புகார் என்று நினைத்து, "இருக்குதுங்க. நீங்க யாருங்க?" என்றேன்.

"நான் அதோட மாமியாருங்க. சாமியாத்தாள்."

எத்தனை நாள் ஒத்திகை பார்த்த பேச்சு! அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. அழுகிற கிழவியை எப்படித் திட்டுவது? ஸ்பீக்கரைப் போட்டுக் கயல்விழியை இழுத்து உட்காரவைத்தேன்.

"அத்தைங்களா?" என்றாள்.

"கண்ணு, காலண்டருல நம்ம காளையைப் பார்த்தேன். கிருபா தடவிக்குடுக்கற எடம்கூட அப்படியே இருக்குது. ஆகாதது, கழட்டிப்போடுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கழட்டல. கயலு, அந்தக் காளைய நம்மூரு அங்கப்பன்தான் அப்ப வாங்கினான், தெரியுமல்லோ? அவன் ஊடு கட்டிப்போட்டான். புள்ளைக்குக் கல்யாணம் முடிச்சுப்போட்டான். போன மாசம் பேரன் பொறந்திருக்கறான். காளை அவன் கட்டுத்தறியில ஜம்முன்னு நிக்குது. தெனமும் அதத் தாண்டித்தான் போறேன் வாரேன். காலண்டரைப் பார்த்தப்புறந்தான் எனக்கு உறைச்சுது. சுழி ஒண்ணும் பண்ணலையே கண்ணு. நாந்தான பண்ணிப்போட்டேன்."

பக்கத்து மேஜைகளில் போன் அடித்துக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"உன்னையச் சொன்ன வாய்க்கு என்ன பண்ணுனாலும் தகும். மாட்டுப் பொங்கலுக்கு வா சாமி. மாட்டுப் பட்டியில நீதான் மொதப் பொங்க வைக்கோணும். எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன். வருவயா?"

கயல்விழி ஒரு கேள்வி கேட்டாள். "அங்கப்பண்ணன் காளைகிட்ட உக்கார உடுவாருங்களா அத்தை? காளையோட வால் நுனி எனக்கு நெனப்பில்லாம குத்துமதிப்பாப் போட்டுபோட்டனுங்க. நேர்ல பாத்துப் போடோணும்."

"நான் சொன்னா உடுவான். நீ வா."

"வாரேனுங்க அத்தை."

போனை வைத்துவிட்டு இவள் அழ, நானும் அழ, நிதீஷ் ஓடிவந்து யார் இப்படித் திட்டினார்கள் என்று கேட்டார். "உங்க வேலையப் பாருங்க தம்பி," என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்துவிட்டது, என்ன செய்ய.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. அங்கப்பன் வீட்டுக் கட்டுத்தறி. சாக்கை மடித்துப் போட்டு கயல்விழி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அட்டை, கையில் பேனா. எதிரே கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தில் மாலையோடு அந்தக் காளை. அவளுக்குப் பின்னால், பார்த்தவுடனே யாரென்று தெரிந்துவிட்டது, வெள்ளைச் சேலை கட்டிய சாமியாத்தாள். தான் வெயிலில் நின்றுகொண்டு, குடையை அவள் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.