திருப்பிப் பார்த்த முக்கோணம்

ஓடும் பஸ்ஸில் ஒருத்தி கணக்கு கைடைக் கிழித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன வாரம், மாமல்லபுரத்திலிருந்து மறைமலைநகர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில்.

கிழித்தவள் புஷ்பா. இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் காண்ட்ராக்ட் வேலை. பத்தாவது பாஸ் செய்தால்தான் பர்மனென்ட். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் பாக்கி. இந்த முறையும் கோட்டை விட்டால் வேலை போய்விடும்.

அன்று அவளைப் படுத்தியது ஓர் இருசமபக்க முக்கோணம். மேல் கோணம் 2x, கீழே இடது கோணம் x. வலது கோணம் தெரியாது. x எவ்வளவு?

புஷ்பா கீழே இருந்த இரண்டையும் சமம் என்று வைத்தாள். x + x + 2x = 180. x = 45. கைடிலோ விடை 36!

"புக்குல தப்பா போட்டுக்கீறான் அண்ணா."

படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சமம் என்று குறுக்கே சின்னக் கோடு போட்டிருந்தவை இடது பக்கமும் அடிப்பக்கமும். முக்கோணம் சாய்ந்து கிடந்தது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? "புத்தகத்தைக் கொஞ்சம் திருப்பி..."

"சொல்லாதீங்க! பரிச்சைல நீங்களா வந்து சொல்வீங்க? அதோட, எங்க செக்‌ஷன்ல பீஸு எப்டி வருதோ அப்டியே வெச்சு செக் பண்ணணும். திருப்பினா மெமோதான்."

அட! அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரியிருக்கிறது.

மறுபடி போட்டாள். 45. மறுபடியும் 45. செங்கல்பட்டு தாண்டியதும் பக்கத்தைக் கிழித்தாள். நகத்தால் கோட்டை அழுத்தி, முக்கோணத்தைத் தனியே பிய்த்தாள். கோடு போட்ட இரண்டு பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தாள். மேல் மூலையும் வலது மூலையும் கச்சிதமாகப் பொருந்தின.

"இன்னாண்ணா... இது படுத்துகினு கீது!"

x + 2x + 2x = 180. ஐந்து x நூற்றெண்பது. 36!

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது — வயசாகிறது, வேறென்ன?

நேற்று பரீட்சை. இன்று காலை பஸ் ஏறியதுமே கேட்டேன். "முக்கோணம் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா. இந்த தபா நேராத்தான் நின்னுகினு இருந்துச்சு. இருந்தாலும் பேப்பரத் திருப்பிப் பாத்துட்டுதான் போட்டேன்."

ரிசல்ட் வர இன்னும் நாளாகும். எனக்கு இப்போதே தெரிந்துவிட்டது!